கோட்டு ஸ்டுடியோவுடையது, முகம் உங்களுடையது

அம்பத்தூரில் ஸ்டுடியோ நடத்துகிறவனுக்குக் கேமரா தெரிவதற்கு முன்னால் ஷிஃப்ட் நேரம் தெரிய வேண்டும். காலை ஷிஃப்ட் விடுகிற வேளையில் ஷட்டரை இறக்கிவிட்டுச் சாப்பிடப் போனால் அன்றைய வியாபாரம் போச்சு. மதியம் மூன்று மணி வாக்கில்தான் டன்லப் பக்கமிருந்தும் வாவின் பக்கமிருந்தும் ஆட்கள் வருவார்கள். கம்பெனி யூனிஃபார்ம் பைக்குள் போயிருக்கும். இஸ்திரி போட்ட சட்டை உடம்புக்கு வந்திருக்கும். நெற்றியில் மட்டும் ஹெல்மெட் பட்டை அழுத்திய கோடு அப்படியே இருக்கும். "அண்ணே, ட்ரெயினுக்கு நேரமாச்சு, சட்டுனு எடுத்துடுங்க" என்பார்கள். நான் ஃபேனுக்குக் கீழே இருக்கும் நாற்காலியைக் காட்டுவேன். அந்தக் கோடு மறையக் கால் மணி நேரமாவது ஆகும். அதற்குள் வியர்வை அடங்கும், மூச்சு நிதானத்துக்கு வரும். படம் எடுப்பதில் பாதி வேலை அந்த நாற்காலியிலேயே முடிந்துவிடும்.

இந்தப் பக்கத்து ஜனங்களுக்குப் போட்டோ அறிமுகமானதே கேட் பாஸ் வழியாகத்தான். டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூருக்கு வந்தது 1949-இல். 1960களில், 'எஸ்டேட்' என்று நாங்கள் சொல்லும் தொழிற்பேட்டை வந்தது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் படைவீரர் உடைத் தொழிற்சாலையும் 1961-இல் தொடங்கின. விமானப்படை நிலையம், சி.ஆர்.பி.எஃப்., சிறப்புக் காவல் படை என்று ஆவடியைச் சுற்றி எங்கே போனாலும் வாசலில் ஒருவர் அட்டையைக் கேட்பார். அட்டை என்றால் படம் வேண்டும். சி.டி.எச். ரோடு நெடுக ஸ்டுடியோக்கள் பிழைத்தது கல்யாண ஆல்பத்தால் மட்டுமல்ல, இந்த ஸ்டாம்ப் சைஸ், பாஸ்போர்ட் சைஸ் படங்களாலும்தான்.

நான் தொழில் பழகிய ஸ்டுடியோவில் யாஷிகா மேட் கேமரா இருந்தது. 120 ரோலில் பன்னிரண்டு படம். ஓர் ஆளுக்கு ஒரே ஃபிரேம். கண்ணை மூடிவிட்டார் என்று சந்தேகம் வந்தால்தான் இரண்டாவது. ஊட்டி இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் 'இந்து' சரக்கு ஓடிய காலம். ஃபிலிம் காசு என்பதால் என் முதலாளி எல்லாவற்றையும் ஷட்டரை அழுத்துவதற்கு முன்பே முடித்துவிடுவார். காலரை இழுத்துவிடுவார், பையிலிருக்கும் பேனாவையும் பீடிக்கட்டையும் எடுத்து மேஜையில் வைப்பார், எண்ணெய் வழியும் நெற்றியைத் தம் துண்டாலேயே துடைத்துவிடுவார். "மூச்சை இழுத்து விடுப்பா" என்று சொல்லி, விட்டு முடிக்கும்போது அழுத்துவார். இன்று மெமரி கார்டில் ஆயிரம் படம் பிடிக்கும். ஆனால், முன்தயாரிப்பு இல்லாமல் எடுக்கிற ஐம்பது படத்தில் ஐம்பதும் ஒரே மாதிரி விறைப்பாகத்தான் வரும். இதை வேலைக்கு வரும் பையன்களுக்குப் புரியவைப்பதற்குள் எனக்குத் தொண்டை கட்டிவிடும்.

முதலாளியிடம் கற்ற இன்னொன்றுதான் இன்றுவரை எனக்குச் சட்டம். அப்போது டச்சிங் என்பது நெகட்டிவின் மேல் பென்சிலால் செய்கிற வேலை. முகத்தில் கறுப்பாகத் தெரிவது நெகட்டிவில் வெளுத்துத் தெரியும். அந்த இடத்தில், ஊசிபோல் சீவிய பென்சிலால் மெல்லப் புள்ளி வைத்து நிரப்பினால் பிரிண்டில் தழும்பு மறையும். விளக்குப் பெட்டிமுன் குனிந்து இதைச் செய்துகொண்டே முதலாளி சொல்வார்: "பரு போகலாம், மச்சம் போகக் கூடாது." பரு இரண்டு வாரத்தில் தானே போய்விடும். மச்சமோ பள்ளி மாற்றுச் சான்றிதழில் அங்க அடையாளமாக ஏறியிருக்கிறது. அதை அழித்தால் படத்தில் இருப்பது வேறு ஆள். பென்சில் போய் ஃபோட்டோஷாப் வந்த பிறகும் நான் இந்தக் கோட்டைத் தாண்டுவதில்லை. இரண்டு வாரத்தில் மறைவதை எடுப்பேன். மறையாததைத் தொட மாட்டேன்.

பிழைப்பு மெல்ல மாறியது. 1993-இல் வாக்காளர் அடையாள அட்டை வந்தபோது தேர்தல் ஆணையமே கேமராவோடு தெருவுக்கு வந்தது. 2010-இல் ஆதார் வந்தபோது வெப்கேம் போதும் என்றாகிவிட்டது. இப்போது பாஸ்போர்ட்டுக்கே படம் கொண்டுபோக வேண்டாம். அமைந்தகரை சேவை மையத்தில் கவுன்ட்டரிலேயே எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால், அரசாங்கம் எடுத்த படத்தைப் பார்த்து மனம் நொந்தவர்கள், தங்களுக்கென்று நல்ல படம் ஒன்று வேண்டும் என்று கிளம்பினார்கள். அம்பிட், இந்தியா லேண்ட் என்று எஸ்டேட்டுக்குள் ஐ.டி. வளாகங்கள் வந்தன. லிங்க்ட்இன் வந்தது. லேத் ஓடிய ஷெட்டுகளின் முதலாளிகளுக்கும் வெப்சைட் வந்தது. "ஹெட்ஷாட் எடுக்கணும்" என்ற வார்த்தையோடு ஆட்கள் படியேற ஆரம்பித்தார்கள். தோள் வரைக்கும் ஒரு படம், பார்த்தவுடன் இவரோடு வேலை செய்யலாம் என்று தோன்ற வேண்டும், அவ்வளவுதான் கேட்பது. அந்த 'பார்த்தவுடன்' எவ்வளவு சின்னது என்பதை பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் வில்லிஸ், டோடோரோவ் என்ற இருவர் ஆராய்ந்து 2006-இல் வெளியிட்டார்கள். முன்பின் தெரியாத முகத்தைப் பார்த்து, நம்பலாமா, திறமைசாலியா என்று முடிவு கட்ட மனிதருக்கு நொடியில் பத்தில் ஒரு பங்கு போதுமாம்.

அந்த அவசரத்துக்குத் தயாராக நாங்கள் வைத்திருந்த பழைய ஆயுதம், ஸ்டுடியோ கோட்டு. கறுப்புக் கோட்டு ஒன்று, முடிச்சு அவிழ்க்காத டை ஒன்று, எல்லா ஸ்டுடியோவிலும் ஆணியில் தொங்கும். அளவு ஒன்றுதான். ஒல்லியானவர் போட்டால் முதுகுப்பக்கம் துணி காயப்போடும் கிளிப்பால் இறுக்குவோம். பருத்தவர் போட்டால் பொத்தானைத் திறந்தே விட்டுவிடுவோம். ஒரு கம்பெனியின் அறிவிப்புப் பலகையில் 'சிறந்த தொழிலாளி' வரிசையைப் பார்த்தேன்: ஆள் வேறு வேறு, கோட்டும் டையும் எங்கள் ஆணியில் தொங்கியவை. எல்லோருக்கும் தோள்பட்டை அரை அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கோட்டு போடுகிற வேலையில் இருப்பவர் தம் கோட்டைக் கொண்டுவரட்டும். மற்றவர்களுக்குச் சொந்தச் சட்டையைவிட நல்ல உடை கிடையாது. நேரில் கோட்டு போடாதவரைப் படத்தில் கோட்டோடு பார்த்தால், பார்ப்பவர் மனம் முதல் சந்தேகத்தை அங்கேயே பதிந்துகொள்ளும்.

ஆகவே போனில் நேரம் கேட்கிறவர்களிடம் நான் சொல்கிற முன்தயாரிப்பு எல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள்தான். முடி வெட்டுவது படத்துக்கு முதல் நாள் வேண்டாம். காதோரம் புதுசாகத் தெரிகிற வெளுப்பு அடங்க நாலைந்து நாள் வேண்டும். புருவம் திருத்துவதென்றால் இரண்டு நாள் முன்னால். ஃபேஷியல், பிளீச் எதையும் அந்த வாரத்தில் புதிதாகப் பரீட்சை செய்ய வேண்டாம். முகம் தடித்துச் சிவந்துபோய் வந்தவர்களுக்கு வேறு தேதி கொடுத்து அனுப்பியிருக்கிறேன். ரேஸர் பட்டால் கழுத்து பொரிகிறவர்கள் முதல் நாள் இரவே ஷேவ் செய்துவிடுவது நல்லது. தலைக்கு எண்ணெய் அன்றைக்கு மட்டும் வேண்டாம், ஏனென்றால் அது ஒரு மணி நேரத்தில் நெற்றிக்கு இறங்கிவிடும். பூந்தமல்லியிலிருந்து டூ வீலரில் வருகிறவர் சட்டையைப் போட்டுக்கொண்டு வரக் கூடாது. ஹேங்கரில் மாட்டி, கவர் போட்டு எடுத்துவர வேண்டும். லாரிப் புழுதி பறக்கும் அந்த ரோடு வெள்ளைச் சட்டையை என்ன செய்யும் என்பது அந்தப் பக்கம் போய்வருகிறவருக்குத் தெரியும்.

சட்டை பற்றியும் ஒரு வார்த்தை. பொடிக் கட்டமும் நெருக்கக் கோடும் போட்ட துணி, படத்தைச் சின்னதாக்கும்போது அலையடிக்கும். போன் திரையில் சட்டை மட்டும் நெளிவதுபோல் தெரியும். பளீரென்ற கிளிப்பச்சை, எலுமிச்சை மஞ்சள் போட்டால் அந்த நிறம் தாடைக்குக் கீழே ஏறிக்கொள்ளும். வெள்ளைப் பின்னணிக்கு வெள்ளைச் சட்டை போட்டால் தோள் எங்கே முடிகிறது என்று தேட வேண்டியிருக்கும். நம் நிறத்துக்குக் கருநீலம், அரக்கு, பாட்டில் பச்சை எல்லாம் எடுப்பாக இருக்கும். சேலை என்றால் ஒற்றை நிறப் பருத்தி. அகலச் சரிகை லைட்டை வாங்கித் திருப்பி அடிக்கும். தோள் மடிப்புக்கு ஊக்கு குத்தி வரட்டும். கழுத்தில் தொங்கும் ஆபீஸ் ஐ.டி. கார்டைக் கழற்றுவதற்கு எல்லோருக்கும் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது. அது உடம்போடு ஒட்டிப்போன உறுப்பாகிவிட்டது.

"பொட்டு வெச்சிக்கலாமா சார்? விபூதியை அழிச்சிடவா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். தினமும் வைக்கிறவரா, வையுங்கள். வைக்காதவரா, படத்துக்காக வைக்காதீர்கள். மீசைக்கும் இதே கணக்குதான். காலமெல்லாம் மீசையோடு இருந்தவர் 'கார்ப்பரேட் லுக்' என்று யாரோ சொன்னதைக் கேட்டு வழித்துவிட்டு வந்தார். மேலுதட்டுக்கு மேலே தோல் வேறு நிறமாக இருந்தது, கண்ணில் ஒரு கலக்கம் வேறு. "மீசை வளர்ந்ததும் வாங்க சார், காசு அப்புறம் கொடுத்துக்கலாம்" என்று டீ வாங்கிக்கொடுத்து அனுப்பினேன்.

இதெல்லாம் சுலபம். கஷ்டமான பேச்சு நிறத்தைப் பற்றியது. திருமுல்லைவாயலிலிருந்து ஒரு பெண் வந்தார். முதல் வேலை, ஆபீஸில் சேருமுன் படம் அனுப்பச் சொல்லியிருந்தார்கள். கூட வந்த அம்மா கம்ப்யூட்டர் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தி, "தம்பி, பொண்ணு நேர்ல இதைவிடக் கலரு. கொஞ்சம் பாத்துப் போடுங்க" என்றார். பெண் காதில் விழாததுபோல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. கேமராவே பல காலம் அவர் பக்கம்தான் பேசியது. கலர் லேபுகளில் பிரிண்ட் சரியாக வருகிறதா என்று பார்க்க கோடாக் கம்பெனி ஓர் அளவுகோல் படம் அனுப்பும். ஷெர்லி கார்டு என்று அதற்குப் பெயர். அதில் இருந்தது வெள்ளைக்காரப் பெண். அவள் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று கணக்கு. பழுப்பு நிறங்கள் ஒழுங்காக வரவில்லை என்று சாக்லேட் கம்பெனிகளும் மரச்சாமான் கம்பெனிகளும் புகார் செய்த பிறகுதான் ஃபிலிமைத் திருத்த ஆரம்பித்தார்கள் என்று இதைத் தேடி ஆராய்ந்த லோர்னா ராத் எழுதியிருக்கிறார். மனிதர்கள் சொன்னது எடுபடவில்லை, மேஜை சொன்னது எடுபட்டது.

டிஜிட்டலிலும் கோளாறு வேறு வடிவில் இருக்கிறது. கேமராவின் மீட்டர் காட்சி முழுவதையும் நடுத்தரச் சாம்பலாக எண்ணி அளக்கும். வெள்ளைப் பின்னணிக்கு முன்னால் மாநிறமோ கறுப்போ ஆன முகத்தை உட்காரவைத்து ஆட்டோவில் எடுத்தால், வெள்ளையைப் பார்த்து மிரண்டு வெளிச்சத்தைக் குறைத்துவிடும். முகம் இருண்டு போகும். பிறகு அதை ஃபோட்டோஷாப்பில் ஏற்றினால் சுண்ணாம்பு பூசியதுபோல் ஆகும். தீர்வு கம்ப்யூட்டரில் இல்லை, லைட்டில் இருக்கிறது. பெரிய சாஃப்ட் பாக்ஸை முகத்துக்கு மூன்றடி கிட்டே கொண்டுவந்து ஒரு பக்கமாகச் சாய்த்து வைக்க வேண்டும். மறுபக்கம் ஒரு வெள்ளைத் தெர்மகோல். பின்னணியைச் சாம்பலுக்கு மாற்றி, மீட்டரை முகத்தில் வைத்து அளக்க வேண்டும். கன்ன எலும்பிலும் மூக்குத் தண்டிலும் மெல்லிய மினுக்கம் ஏறும். கறுத்த தோலின் அழகே அந்த மினுக்கம்தான், பவுடர் போட்டு அதைக் கொல்லக் கூடாது. அந்தப் பெண்ணை அப்படித்தான் எடுத்தேன். திரையில் படம் வந்ததும் அம்மா கொஞ்ச நேரம் பார்த்தார். "கலரு ஏத்தலையா?" என்றார். "இல்லம்மா." "நல்லாத்தான் இருக்கு" என்றார், என்னைப் பார்க்காமல். பெண் அப்போதுதான் போனிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

போனில் தாங்களே எடுத்துக்கொள்ளலாமே என்று கேட்பவர்களுக்கும் ஒரு பதில் உண்டு. செல்ஃபியில் மூக்கு பெரிதாக விழுவது உங்கள் மூக்கின் குற்றமல்ல, தூரத்தின் குற்றம். 2018-இல் அமெரிக்காவில் ரட்கர்ஸ் பல்கலைக்கழக மருத்துவர் போரிஸ் பாஸ்கோவர் குழுவினர் கணக்கிட்டார்கள். 12 அங்குலத்தில் எடுக்கும் செல்ஃபியில் மூக்கு, ஐந்தடி தள்ளி எடுப்பதைவிடச் சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரிகிறது. நான் 85 எம்.எம். லென்ஸோடு ஆறடி தள்ளி நிற்பது இதற்காகத்தான். வீட்டில்தான் எடுக்க வேண்டும் என்றால், போனை ஆறடி தள்ளி இன்னொருவர் கையில் கொடுத்து, ஜூமைக் கொஞ்சம் கூட்டி, ஜன்னல் வெளிச்சத்தில் எடுக்கச் சொல்லுங்கள். பாதிக் குறை தீர்ந்துவிடும்.

கண்ணாடி போட்டவர்கள் கண்ணாடியோடுதான் இருக்க வேண்டும். லைட் பிரதிபலித்தால் கண்ணாடியின் காதுப் பிடியை ஒரு நூல் மேலே தூக்கினால் போதும், லென்ஸ் கீழ்நோக்கிச் சாய்ந்து பளபளப்பு ஓடிவிடும். அமெரிக்க விசா படத்துக்கு மட்டும் விதிவிலக்கு: 2016 நவம்பரிலிருந்து அங்கே கண்ணாடி கூடாது. அந்தப் படம் இரண்டுக்கு இரண்டு அங்குலம், ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். நீட் விண்ணப்பத்துக்கு போஸ்ட்கார்டு சைஸிலும் ஒரு படம் கேட்டதுண்டு. காது தெரிய வேண்டும். இந்த அளவுகளையும் ஹெட்ஷாட்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். விசா படத்தில் சிரிப்பு அடங்கியிருக்க வேண்டும். அதையே வேலைக்கு அனுப்பினால் காவல் நிலையத்துக்குக் கொடுத்த படம்போல இருக்கும்.

அப்படியானால் எப்படிச் சிரிப்பது? சிரிக்க வேண்டியதில்லை என்பதுதான் என் பதில். எஸ்டேட்டில் சின்ன கம்பெனி ஒன்றில் சி.என்.சி. ஆபரேட்டராகச் சேர்ந்து புரொடக்‌ஷன் மேனேஜர் வரை உயர்ந்த ஒருவர் வந்தார். வெளிநாட்டு பையர்களுக்கு வெப்சைட்டில் அவர் படத்தைப் போடப் போகிறார்கள். முதுகு சாயாத ஸ்டூலில் உட்காரவைத்தேன். உடம்பைச் சற்றே ஒரு பக்கம் திருப்பி, முகத்தை மட்டும் கேமராவுக்குக் கொண்டுவந்தேன். முகவாயை ஆமை தலை நீட்டுவதுபோல முன்னே நீட்டி லேசாகத் தாழ்த்தச் சொன்னேன். கழுத்து மடிப்பு மறைய அதுதான் வழி. எல்லாம் சொன்னபடி செய்தார். ஆனாலும் வாக்காளர் அட்டைக்கு உட்கார்ந்த மாதிரியே இருந்தது.

கேமராவைத் தாழ்த்திக்கொண்டு, "சார், ஒரு ஜாப் ரிஜெக்ட் ஆகும்னு எந்த இடத்துல தெரியும்?" என்று கேட்டேன். "கைல எடுத்தாலே தெரிஞ்சிரும்ணே. டர்னிங் முடிஞ்ச ஜாப்ல நகத்தை ஓட்டிப் பாக்கணும். ஃபினிஷ் சரியில்லைன்னா நகம் சொல்லிரும். மைக்ரோமீட்டர்லாம் அதுக்கு அப்புறம்தான்" என்றார். சொல்லும்போதே வலது கை, இல்லாத ஜாப் ஒன்றைப் பிடித்துக்கொண்டது. கட்டைவிரல் நகம் காற்றில் ஓடியது. கண்ணின் கீழ் இமை மெல்ல மேலே ஏறியது. நியூயார்க்கில் ஹெட்ஷாட்டுக்குப் பேர்போன பீட்டர் ஹர்லி இந்த இமை அசைவைத்தான் தன்னம்பிக்கையின் அடையாளம் என்று பாடமாகவே நடத்துகிறார். இவருக்கு யாரும் நடத்தவில்லை. ஜாப்பைப் பார்த்துப் பார்த்து வந்த பார்வை அது. நான் எடுத்துக்கொண்டே இருந்தேன். அதிலிருந்துதான் படம் தேறியது.

அன்றிலிருந்து போனில் நேரம் கொடுக்கும்போதே ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன்: "உங்க வேலைல உங்களுக்கு மட்டும் தெரிஞ்ச ஒரு விஷயத்தை யோசிச்சிட்டு வாங்க." நர்ஸ் என்றால் நரம்பு கிடைக்காத கையில் எப்படி ஊசி போடுவது, கணக்காளர் என்றால் எந்த பில்லைப் பார்த்தால் சந்தேகம் வரும், ஆசிரியை என்றால் எந்தப் பையன் புரியாமலே தலையாட்டுகிறான் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது. இதைச் சொல்லும்போது வருகிற முகம்தான் நாளைக்கு ஆபீஸில் வேலை செய்யப் போகிற முகம்.

இப்போது நாலு செல்ஃபியைப் போட்டால் கோட்டு, சூட்டு, கண்ணாடிக் கட்டடப் பின்னணி எல்லாம் சேர்த்து ஏ.ஐ. படம் தருகிறது. என் ஆணிக் கோட்டைவிட அந்தக் கோட்டு நன்றாகத் தைத்திருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால், அது மச்சத்தை எடுத்துவிடுகிறது, பல் வரிசையைச் சீராக்கிவிடுகிறது, நிறத்தைக் கேட்காமலே ஏற்றிவிடுகிறது. டிஜிட்டல் முறையில் தோற்றத்தை மாற்றிய படம் செல்லாது என்று அமெரிக்க விசா விதியே சொல்கிறது. வேலைக்கு அனுப்பும் படத்துக்கு அப்படிச் சட்டம் இல்லை. இன்டர்வியூ அறையின் கதவைத் திறந்துகொண்டு நீங்கள் உள்ளே போகும் நொடிதான் சட்டம்.

கடைசியாக, எந்தப் படம் என்று தேர்ந்தெடுக்கும் வேலை. இதைத் தனியாகச் செய்யாதீர்கள். நாம் தினமும் பார்ப்பது கண்ணாடியில் இடம் வலம் மாறிய முகத்தை. மீட்டா, டெர்மர், நைட் என்ற மூவர் 1977-இல் வெளியிட்ட ஆய்வில் மனிதர்கள் தங்கள் கண்ணாடிப் பிம்பத்தையே விரும்பினார்கள். நண்பர்களோ அவர்களின் நேர்ப்படத்தை விரும்பினார்கள். "இது நான் மாதிரியே இல்ல சார்" என்று எல்லோரும் சொல்வதற்குக் காரணம் இதுதான். பக்கத்து சீட்டில் வேலை செய்கிறவரிடம் மூன்று படத்தை அனுப்பிக் கேளுங்கள். அவர் சட்டென்று தொடுகிற படம்தான் உங்கள் படம்.

அதையும் ஆயுளுக்கும் வைத்திருக்க வேண்டாம். முடி நரைத்தால், கண்ணாடி மாறினால், தாடி வைத்தால் மாற்றிவிடுங்கள். போன வருடம் ஒருவர் பத்து வருடத்துக்கு முந்தைய படத்தைக் கொண்டுவந்து, இதையே பெரிதாக்கித் தாருங்கள், இதில்தான் இளமையாக இருக்கிறேன் என்றார். படத்தை நம்பி ரிசப்ஷனில் உங்களைத் தேடுகிறவர் உங்களைத் தாண்டிப் போய் வேறு யாரிடமாவது கை கொடுப்பார் என்றேன். சிரித்துவிட்டு ஃபேனுக்குக் கீழே போய் உட்கார்ந்தார்.